வீட்டில் பாடல் பதிவு செய்ய: எந்தக் கருவியை முதலில் வாங்குவது, கணினியை மாற்ற வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கிட்டார் வாசித்தபடியே பாடுவது என் வழக்கம். நானே மெட்டமைத்த பாடல்களை இதுவரை கைப்பேசியில்தான் பதிவு செய்துவருகிறேன். குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கிறது. கிட்டார் ஓங்கி, சொற்கள் அமுங்கிப்போகின்றன. படுக்கையறையின் ஒரு மூலையைப் பதிவுக்கென்றே ஒதுக்க எண்ணியிருக்கிறேன். கையில் இருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி. சற்று வேலை கொடுத்தாலே அதன் விசிறி இரையத் தொடங்கிவிடும். யூஎஸ்பி மைக் ஒன்றே போதுமா, மைக், கிட்டார் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டுமா, கண்டென்சர் மைக் நல்லதா, டைனமிக் மைக் நல்லதா, இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கணினியை மாற்ற வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

பாடுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில் என்பதால், குரலுக்கு ஒன்றும் கிட்டாருக்கு ஒன்றுமாக இரண்டு தடங்கள் உங்களுக்குத் தேவை. யூஎஸ்பி மைக் எளிதானதுதான். ஆனால் பின்னாளில் இன்னொரு மைக்கைச் சேர்க்க நினைக்கும்போது அது கைகொடுக்காது. ஆகவே இரண்டு மைக் உள்ளீடுகள், 48 வோல்ட் ஃபான்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே தரும் மின்சாரம்), கிட்டார் பிக்கப்பை நேரடியாகச் செருகும் வசதி, டைரக்ட் மானிட்டர் (கணினிக்குப் போய்வராமல் நம் ஒலியை உடனே கேட்கும் வசதி) ஆகியவை கொண்ட இன்டர்ஃபேஸ் ஒன்றை முதலில் வாங்குங்கள். இதைவிடப் பெரியது இப்போதைக்கு வேண்டாம்.

குரலுக்கு என் பரிந்துரை டைனமிக் மைக். கண்டென்சர் மைக் மிக நுட்பமானது என்பது உண்மையே. அந்த நுட்பத்தாலேயே சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, தெருச் சத்தம், விசிறி இரைச்சல் அனைத்தும் பதிவில் தெளிவாக இடம்பெற்றுவிடும். 1966 முதல் மேடைகளில் புழங்கிவரும் ஷூர் எஸ்எம்58 போன்ற ஒரு மைக்கை உதட்டிலிருந்து நான்கைந்து விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடினால், குரல் முன்னே வரும், அறை பின்னே போகும். ஆனால் டைனமிக் மைக்கிலிருந்து வரும் மின்சமிக்ஞை மிகச் சிறியது என்பதால், மென்மையாகப் பாடும்போது 55 முதல் 60 டெசிபல் வரை கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) தேவைப்படலாம். வாங்கப்போகும் இன்டர்ஃபேஸ் அவ்வளவு தருகிறதா என்று அதன் விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்ஃபோன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். இல்லையென்றால் தாளம் எண்ணும் மெட்ரோனோமின் டிக் ஓசை மைக்கில் கசியும். ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் (மைக்கில் மூச்சுக்காற்று மோதாமல் தடுக்கும் திரை), மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். ஸ்பீக்கர்களைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 2

குரலைப் பொறுத்தவரை மேலே சொன்னதை ஏற்கிறேன். கிட்டாருக்கு மட்டும் மாறுபடுகிறேன்: கம்பியின் மினுமினுப்பை டைனமிக் மைக் பெரும்பாலும் மழுக்கிவிடும். சிறிய டயாஃப்ரம் (ஒலிக்கு அதிரும் மெல்லிய தகடு) கொண்ட கண்டென்சர் மைக்கை, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி ஓர் அடி தூரத்தில் வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கீழ்ச்சுருதிகள் கும்மென்று பொங்கும்.

இனி கணினி. இப்போது மாற்ற வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி இடம் பிடிக்கும். பத்துத் தடங்கள் கொண்ட நான்கு நிமிடப் பாடல்கூட 350 எம்பியைத் தாண்டாது. பதிவு செய்வது கணினிக்குப் பெரிய சுமையன்று. சுமை வருவது ரிவெர்ப் (எதிரொலிப்பு) போன்ற விளைவுகளைச் சேர்க்கும் ப்ளக்இன் என்னும் துணை மென்பொருள்களாலும், மாதிரி ஒலிகளை ரேமில் நிரப்பும் பியானோ, டிரம்ஸ் மென்கருவிகளாலும்தான். குரலும் கிட்டாரும் மட்டும் என்றால் 8 ஜிபி போதும். மென்கருவிகள் பக்கம் போவதாக இருந்தால் 16 ஜிபி ஆக்குங்கள். இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் ஓடுகிறதென்றால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவது, வேகத்துக்கு மட்டுமின்றி அமைதிக்கும் நல்லது. புதிதாக வாங்கும் நாளில், செயலியில் உள்ள கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தையும் விசிறியின் அமைதியையும் கவனியுங்கள். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டால் ஒலிப்பதிவுக்குப் பயன் ஏதுமில்லை.

மென்பொருளுக்காக இப்போதே செலவழிக்க வேண்டியதில்லை. ரீப்பர் என்னும் பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியுடன் சோதித்துப் பார்க்கலாம். மேக் கணினி என்றால் கேரேஜ்பேண்ட் என்னும் பதிவு மென்பொருள் இலவசம்.

கேட்டவர்

மிக்க நன்றி. நண்பரிடம் இரவல் வாங்கிய இன்டர்ஃபேஸை இணைத்துப் பார்த்தேன். பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் ஒரு கணம் பிந்திக் கேட்கிறது; தாளத்தில் நிற்கவே முடியவில்லை. இது கணினியின் வேகக்குறைவா?

பதில் 3

பெரும்பாலும் இல்லை, மென்பொருளில் பஃபர் அளவைப் பாருங்கள்; கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்களாக (ஒலியின் நுண்துண்டுகளாக) சேர்த்துக் கையாள்கிறது என்பதே அது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிவினாடி. உள்ளே போய் வெளியே வருவதற்குள் 40-ஐத் தாண்டிவிடும். 128 சாம்பிளுக்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடிதான். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை) நிறுவி, மென்பொருளிலும் அதையே தேர்ந்தெடுங்கள். குறைந்த பஃபரில் உங்கள் கணினி திணறி வெடிப்பொலி வந்தால், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரை இயக்கி, மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும். பதிவான தடங்களைக் கலந்து சீராக்கும் மிக்ஸிங் செய்யும்போது பஃபரை மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம்.

மூலையை ஒதுக்குவதாக எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் மறுபரிசீலனை செய்யுங்கள். கீழ்ச்சுருதிகள் மூலையில்தான் அதிகமாகத் தேங்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 மீட்டர், சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் அதை ஒன்றும் செய்யாது, மேல்சுருதிகளை மட்டும் விழுங்கி அறையை மந்தமாக்கும். முன்பக்க ஒலியையே அதிகமாக வாங்கும் கார்டியாய்டு மைக் உங்களை நோக்கியிருப்பதால், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் அது சேர்த்தே கேட்கிறது. ஆகவே துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தோ, கனமான போர்வைகளைத் தொங்கவிட்டோ அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். மைக்கின் பின்புறம்தான் மிகக் குறைவாகக் கேட்கும் திசை. இரையும் மடிக்கணினியை அங்கே, கேபிள் எட்டும் தூரம்வரை தள்ளி வையுங்கள். பாடலின் மிக உரத்த இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டியே நிற்குமாறு கெயினை அமையுங்கள். 24 பிட் பதிவில் அதற்குமேல் ஏற்றத் தேவையில்லை.