மறு: கணினி சும்மா இருக்கும்போது சிபியு எகிறுவதற்கு என்ன சொல்?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். யாரும் தொடாமல் சும்மா இருக்கும் கணினியில் சிபியு (கணக்கீடுகளைச் செய்யும் மையச் சில்லு) கடுமையாக ஓடும் கோளாறைப் பற்றி நம் கையேட்டில் ஓர் அத்தியாயம் இருக்கிறதே, அதன் தமிழ்த் தலைப்புக்கு இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

> "செயலற்ற நிலையில் உயர் செயலிப் பயன்பாடு" என்றே வைத்துவிடலாமே. துல்லியமாக இருக்கிறது.

துல்லியம்தான், ஆங்கிலத் தொடரை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு. மற்றவர்களுக்குச் ‘செயலி’ என்றால் கைபேசியில் இறக்கிக்கொள்வது. ‘பயன்பாடு’ என்ற சொல்லையும் அப்ளிகேஷனுக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் எதை எது பயன்படுத்துகிறது என்றே பிடிபடாது. போதாததற்கு முன்னால் ‘செயலற்ற’ வேறு. செயலற்ற நிலையில் செயலி செயல்படுகிறது என்று விளக்கம் எழுத ஆரம்பித்தால் படிப்பவர் பக்கத்தை மூடிவிடுவார். பழைய பாடநூல்களின் ‘மையச் செயலகம்’ இன்னும் மோசம். கோப்பு நகரும் வேகம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கை வழக்கில் உள்ள ‘முறைவழியாக்கி’யில் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது புதுச்சொல். கையேட்டில் ‘சிபியு’ என்றே இருக்கட்டும். எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்லைப் பிடுங்கிவிட்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

உண்மையான சிக்கல், சும்மா இருப்பதைக் குறிக்கும் ‘ஐடில்’ என்ற ஆங்கிலச் சொல்லில்தான் இருக்கிறது. அதற்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, சிபியுவுக்கு ஓட்ட எதுவும் இல்லாமல் இருப்பது. விண்டோஸில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ என்ற வரியில் 97, 98 என்று இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்களே, அது இந்த வகை. அந்த எண் பெரிதாக இருந்தால் நல்லதுதான்; அவ்வளவு நேரம் சிபியு வேலையில்லாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸில் ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் ‘ஐடி’ என்று வருவதும் இதுவே. இன்னொன்று, மனிதர் யாரும் கணினியைத் தொடாமல் இருப்பது.

இரண்டும் ஒன்றல்ல. பல சமயம் நேர் எதிர். விண்டோஸ் 7இல், வேலைகளை நேரம் பார்த்து ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலர் வைத்திருந்த கணக்கைப் பாருங்கள்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும். அந்த 15 நிமிடமும் விசைப்பலகையும் சுட்டியும் தொடப்படாமல் இருந்து, அதில் 90 விழுக்காட்டு நேரம் சிபியுவும் வட்டும் வேலையின்றிக் கிடந்திருந்தால், கணினி ஐடில். அப்படி முடிவு கட்டிய பிறகு யாராவது கை வைக்கும்வரை அது ஐடில்தான், நடுவில் சிபியு 100 விழுக்காட்டில் ஓடினாலும் சரி. இந்த நேரத்துக்காகவே காத்திருக்கும் வேலைகள் உண்டு: வைரஸ் தேடல், வட்டுச் சீரமைப்பு, தேடலுக்கான கோப்புப் பட்டியலிடல். அந்தப் பட்டியலிடும் வேலையை, லினக்ஸின் திரைமுகப்புகளில் ஒன்றான க்னோமில் ‘லோக்கல்சர்ச்’ (2024 வரை அதன் பெயர் ‘டிராக்கர்’) செய்கிறது, இன்னொன்றான கேடிஈயில் ‘பலூ’ செய்கிறது.

அதனால்தான் இந்தக் கோளாறைப் பிடிப்பது கடினமாகிறது. காற்றாடி இரைகிறது, பயனர் ஓடிவந்து சுட்டியை அசைத்து, எது எவ்வளவு சிபியுவை எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறார். 90இல் இருந்த எண் சில நொடிகளில் 6க்கு இறங்கிவிடுகிறது. பார்த்த நேரத்தில் பட்டியலில் குற்றவாளி யாரும் இல்லை. தொட்டதுமே ஐடில் முடிந்துவிட்டது, வேலை நின்றுவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: சிபியு வேலையில்லாமல் இருப்பது ‘ஓய்வு’. மனிதர் தொடாமல் இருப்பது ‘தொடாநேரம்’. நம் அத்தியாயம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

> "கள்ளச் சுமை" எப்படி? கேட்டவுடன் புரிகிறது, கவர்ச்சியாகவும் இருக்கிறது.

கவர்ச்சி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசாரிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. மேலே சொன்ன வேலைகள் எல்லாம் முறைப்படி நடப்பவை. டாஸ்க் மேனேஜர் திறந்ததும் பதுங்கிக்கொண்டு, மூடியதும் மறுபடி பிட்காயின் போன்ற மின்நாணயம் தோண்டும் தீநிரல்களும் உண்டுதான். ‘கள்ள’ என்ற அடைமொழியை அவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வைப்போம். அதேபோல ‘மர்ம’, ‘காரணமற்ற’ போன்றவையும் வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடித்த அடுத்த நிமிடம் அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

‘சுமை’யிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. லினக்ஸில் ‘லோடு ஆவரேஜ்’ என்பதைச் சராசரிச் சுமை என்று முன்பே எழுதிவிட்டோம். அந்த எண்ணில் சிபியுவுக்காக வரிசையில் நிற்பவை மட்டுமல்ல, வட்டின் பதிலுக்காக எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடப்பவையும் சேரும். வலைவழி வட்டு ஒன்று இறந்துபோனால் சராசரிச் சுமை ஏறிக்கொண்டே போகும், சிபியு கைகட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஆளைத் தவறான பக்கம் அனுப்பிவிடுவோம்.

எனக்குப் பிடித்தது ‘உழைப்பு’. ‘சிபியு உழைப்பு 90 விழுக்காடு’ என்றால் புரியாதவர் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கோளாறுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இப்போதைய விழுக்காட்டை அல்ல, இதுவரை சேர்ந்த மொத்த நேரத்தை. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ தாவலில் ‘சிபியு டைம்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்தினால் போதும். நீங்கள் இல்லாதபோது யார் எவ்வளவு ஓடினார்கள் என்பது மேலே வந்து நிற்கும், அவர் இப்போது அமைதியாக இருந்தாலும். டாப் கட்டளையில் ‘டைம்’ நெடுவரிசையும் அதுவே. (ஏற்கெனவே முடிந்து வெளியேறிவிட்ட ப்ராசஸ், அதாவது ஓடிய நிரல், இதில் அகப்படாது. அதற்கு டாப்பின் வெளியீட்டை இரவு முழுக்கக் கோப்பில் எழுத விட வேண்டும்.) இதைப் ‘பயன்பாட்டு நேரம்’ என்று எழுதினால் மனிதர் திரையைப் பார்த்த நேரம் என்று படிப்பார்கள். ‘உழைத்த நேரம்’ என்றால் அந்த வம்பில்லை.

ஆக, ‘தொடாநேர உழைப்பு’.

விழுக்காடு பற்றி ஓர் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும். சிபியுவில் நான்கு கருக்கள் (தனித்தனியாக வேலை செய்யும் ‘கோர்’கள்) உள்ள கணினியில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று டாப்பில் 100 என்று காட்டும், டாஸ்க் மேனேஜரில் ஏறத்தாழ 25. டாப் ஒரு கருவை 100 என்று வைக்கிறது, மற்றது எல்லாக் கருக்களையும் சேர்த்து 100 என்கிறது.

> டாஸ்க் மேனேஜரில் ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ என்ற வரி 20 விழுக்காடு காட்டினால்? அது ப்ராசஸே இல்லையே. ‘இன்டரப்ட் ஸ்டார்ம்’ என்பதைக் குறுக்கீட்டுப் புயல் என்கலாமா?

சரியான கேள்வி. வன்பொருள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் சிபியு ஓடிப்போய்க் கவனிக்கும் நேரம் அந்த வரியில் விழுகிறது. அங்கே நிறுத்த எதுவும் இல்லை, கூப்பிடுவது யார் என்றுதான் தேட வேண்டும். லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைச் சில நொடி இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால், எந்த வரியின் எண் தாவுகிறதோ அதுதான் ஆள். யுஎஸ்பியில் செருகியதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதும் நல்ல வழி.

புயல் வேண்டாம். புயல் கரையைக் கடந்துவிடும். இது விடாமல் கொட்டுவது, ஆகவே ‘குறுக்கீட்டு அடைமழை’.

அன்புடன்.

---

ஐயா,

‘உழைப்பு’ எனக்கும் சம்மதம். ‘தொடாநேரம்’ உதைக்கிறது. இரண்டரை மணி நேரம் படம் பார்க்கிறேன், எதையும் தொடுவதில்லை. அது தொடாநேரமா? அந்த நேரத்தில் வீடியோவை விரிப்பதற்காக சிபியு உழைத்தால் அது கோளாறா?

---

நண்பரே, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் இந்தக் குறை சொல்லில் இல்லை, இயங்குதளத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அதற்கும் தொடுவதைத் தவிர உங்கள் இருப்பை அறிய வேறு வழியில்லை. அதனால்தான் படம் ஓட்டும் நிரல், ‘ஆள் இருக்கிறார், திரையை அணைக்காதே’ என்று அதனிடம் தனியாகச் சொல்லி வைக்கிறது. சொல்ல மறந்த நிரலில் நடுப்படத்தில் திரை இருண்டுபோகும். வரையறையில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: ‘பயனர் தொடாமலும், எந்த நிரலும் பயனர் சார்பாக விழித்திருக்கக் கேட்காமலும் இருக்கும் நேரம்’. சர்வர்களுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே தொடுவார் யாரும் இல்லை.

வேறு மறுப்பு இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடலாம். அப்புறம், அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. சூடு ஏறினால் சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதே, அந்த ‘த்ராட்லிங்’. ‘வேகமடக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘வேகத்தணிப்பு’ மேலா?