எடி கரண்ட் சோதனையில் முழுநீளப் பிளவு தப்பியது எப்படி?

கேள்வி:
வணக்கம். 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள, பற்றவைத்த எஃகுக் குழாய்களைச் சுற்றுக் காயிலுக்குள் (குழாயைச் சூழ்ந்த கம்பிச்சுருள்) செலுத்தி எடி கரண்ட் முறையில், அதாவது காயில் உலோகத்தில் தூண்டும் சுழல் மின்னோட்டம் குறைபாடுள்ள இடத்தில் மாறுவதைக் கண்டறிந்து, சோதிக்கிறோம். மாதிரிக் குழாயில் இட்ட சிறு துளைக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் மணி அடிக்கிறது. ஆனால், தேறியதாக வந்த ஒரு குழாயை வளைத்தபோது, வெல்டு ஓரமாக ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒரே சீரான பிளவு தெரிந்தது. நல்ல குழாய்களிலும் சில நேரம் சமிக்ஞை துள்ளுகிறது. உணர்திறனைக் கூட்டினால் சரியாகுமா?

மறுமொழி 1:
கூட்டினால் துள்ளல்தான் கூடும். உங்களுடையது டிஃபரன்ஷியல் காயிலாக இருக்க வேண்டும். அருகருகே உள்ள இரண்டு கம்பிச் சுற்றுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், அவற்றுக்கிடையிலான வேறுபாடு மட்டுமே கருவிக்குத் தெரியும். துளை ஒரு சுற்றைத் தாண்டி மற்றொன்றுக்குள் போகும்போது வேறுபாடு எழுகிறது. சீரான நீளப் பிளவோ இரண்டையும் ஒரே அளவில் பாதிப்பதால் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. பிளவின் தொடக்கமும் முடிவும் மட்டும் தெரியக்கூடும், ஆனால் அவை குழாயின் முனைகளுக்கு அருகில் இருந்தால், முனை விளைவுக்காக (குழாய் முனையே எழுப்பும் சமிக்ஞை) கருவி ஒதுக்கிவிடும் பகுதிக்குள் விழுந்துவிடும்.

இதற்குச் சுழலும் புரோப் (சிறு உணரி) தலை வேண்டும். குழாய் நேராக ஓட, புரோப்கள் அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் பிளவைக் குறுக்கே வெட்டும். வேகத்தைக் கணக்கிட்டே வைக்க வேண்டும்: நிமிடத்துக்கு 6,000 சுற்று, 2 புரோப், ஒவ்வொன்றின் பயனுள்ள அகலம் 10 மி.மீ. என்றால், விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் குழாயை ஓட்டினால் சோதிக்கப்படாத பட்டைகள் விடுபடும். சிறு துளைகளுக்குச் சுற்றுக் காயிலே நல்லது என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது வழக்கம்.

மறுமொழி 2:
துள்ளலைப் பற்றி: எல்லோரும் முதலில் மின்னணுப் பெட்டியைத்தான் சந்தேகிக்கிறோம். நான் முதலில் பார்ப்பது காயிலின் உள்விளிம்பை. ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால் குழாய் மையத்தில் ஓடவில்லை என்று பொருள். வழிகாட்டி ரோலர்களின் உயரத்தைச் சரிசெய்யாமல் வேறெதைத் தொட்டும் பயனில்லை. காயிலின் உள்விட்டத்தையும் கவனியுங்கள். குழாயின் வெளிவிட்டத்துக்கும் காயிலின் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமே நிரப்பு விகிதம், அதாவது குழாய் காயிலை எவ்வளவு நிரப்புகிறது என்பதன் அளவு: 27 மி.மீ. காயிலில் அது 0.86, 30 மி.மீ. காயிலில் 0.69 மட்டுமே.

எஃகின் காந்த ஊடுதிறன் (எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்ற தன்மை) இடத்துக்கு இடம் மாறுவதும் போலிச் சமிக்ஞையாகும். நேர்மின்னோட்டக் காந்தத்தால் குழாயைத் தெவிட்டவைத்தால், அதாவது இனிமேல் ஏறாத அளவுக்குக் காந்தமாக்கினால், அது அடங்கும். சோதனைக்குப் பின் காந்தத்தை நீக்க மறக்காதீர்கள். இல்லையேல் குழாயில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டே போகும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விளிம்பைப் பார்த்தேன், கீழ்ப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. மாதிரிக் குழாயில் துளையோடு நீள வெட்டும் இட வேண்டுமா?

மறுமொழி 1:
ஆம், சுழல் தலையை அந்த வெட்டைக் கொண்டே அளவுதிருத்த வேண்டும். வெட்டின் ஆழத்தை உங்கள் தரநிர்ணயம் சொல்லும் அளவில் வையுங்கள். குழாயைத் திருப்பித் திருப்பி, வெட்டு வெவ்வேறு கோணங்களில் அமையும்படி ஓட்டிப் பாருங்கள்.