எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை: குடும்பத்தைப் பெங்களூருக்கே கூட்டிப்போவதா, ஓசூரில் வைப்பதா, கோவையிலேயே விடுவதா?

சிங்காநல்லூரான்

வணக்கம்ங்க. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இப்போது கோவை சரவணம்பட்டியில் வேலை, சிங்காநல்லூரில் அப்பா கட்டிய வீடு. புது வேலையில் கைக்கு வரும் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் கூடும். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வந்தால் போதும் என்கிறார்கள்.

பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. இருவரும் சிபிஎஸ்இ. மகளுக்கு இரண்டாம் மொழி தமிழ். மனைவி தனியார் பள்ளியில் தமிழாசிரியை, சம்பளம் 22,000. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

பெங்களூரில் பேகூர் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்தேன். வாடகை 28,000, மெயின்டனன்ஸ் 3,000. சிங்காநல்லூர் வீட்டை வாடகைக்கு விட்டால் 14,000 வரும். ஓசூரில் 13,000-க்கு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பேகூர் அக்கா

தம்பி, யோசிக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிடுங்கள். ஓசூர் என்பது பாதி வந்த மாதிரி. உங்களுக்கு இப்போது எலெக்ட்ரானிக் சிட்டி. ஐடி வேலையில் இரண்டு மூன்று வருடத்தில் கம்பெனி மாறினால் அடுத்தது ஒயிட்ஃபீல்டாகவோ மான்யதா டெக் பார்க்காகவோ இருக்கும். அங்கே ஓசூரிலிருந்து தினமும் போய் வர முடியுமா? பேகூரில் இருந்தால் எந்தப் பக்கமும் முயற்சி செய்து பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் மெட்ரோ வந்துவிட்டது, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும். சில்க் போர்டு நெரிசலில் நிற்காமல் ஜெயநகர் போகிறோம் என்பதே எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம்.

பிள்ளைகளுக்கும் இங்கே கிடைப்பது அதிகம். நீச்சல், இசை, சதுரங்கம், ரோபாட்டிக்ஸ் எல்லாம் நடக்கும் தூரத்தில். பக்கத்து வீட்டில் மலையாளம், எதிர் வீட்டில் தெலுங்கு, பூங்காவில் கன்னடம். என் மகன் நான்கு மொழி பேசுகிறான். அதை எந்தப் பள்ளிக் கட்டணத்திலும் வாங்க முடியாது.

கணக்கு வாத்தியார்

அக்கா சொன்னதில் பணம் எங்கே? போட்டுப் பார்ப்போம். சம்பள உயர்வு 40,000, சொந்த வீட்டு வாடகை 14,000, ஆக 54,000. பேகூர் வீட்டுக்கு 31,000 போனால் மீதி 23,000. மனைவி வேலையை விட்டால் 22,000 போகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டண உயர்வு, வேன், காய்கறி எல்லாம் அந்த ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும்.

அட்வான்ஸ் வேறு. பெங்களூரில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வரும் வீட்டுக்காரர்களும் உண்டு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். தரகருக்கு ஒரு மாதம். வண்டியைக் கர்நாடகத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து அங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். எல்லோரும் வாடகையை வைத்தே பேசுகிறோம். இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது வாடகை இல்லை, அந்தத் தமிழாசிரியையின் சம்பளம். அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேகூர் அக்கா

வாத்தியார், அவர் மனைவி இங்கே வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று ஏன் முடிவு செய்கிறீர்கள்? இணையவழியில் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியைகள் எங்கள் அடுக்ககத்திலேயே இருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்

எடுக்கலாம். ஆனால் பள்ளி வேலைக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., பணி அனுபவம் எல்லாம் உண்டு. வருமா வராதா என்று தெரியாத பணத்தை வைத்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

ஓசூர்வாசி

நான் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறவன். பணத்தை விடுங்கள், மகளின் வகுப்பைப் பாருங்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு, இல்லையா? இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இன்ஜினியரிங் இடத்துக்குப் பொதுவான விதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி (நம் பன்னிரண்டாம் வகுப்பு) வரை குறைந்தது ஏழு கல்வியாண்டு அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வரை ஐந்து ஆண்டுதான். ஆக அங்கே அவள் உள்ளூர்ப் பிள்ளையாகக் கணக்கில் வர மாட்டாள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளையிடம் எந்த மாநிலம் என்ற கேள்வியே எழாது. மருத்துவத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பார்ப்பார்கள். வெளியே படித்தாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வைத்து விண்ணப்பிக்க வழி உண்டு. அதற்குப் பெற்றோரின் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். ஓசூரில் படித்தால் அந்தப் பேச்சே எழாது, ஏனென்றால் அது தமிழ்நாடு.

மொழியையும் சேர்த்துப் பாருங்கள். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிபிஎஸ்இ பள்ளியிலும் கன்னடம் ஒரு மொழியாக இருக்கும். தமிழை இரண்டாம் மொழியாக வைத்திருக்கும் பள்ளி பெங்களூரில் மிகக் குறைவு. இதுவரை தமிழ் படித்த பெண் எட்டாம் வகுப்பில் இந்தியையோ சமஸ்கிருதத்தையோ இரண்டாம் மொழியாக எடுத்து, அதிலேயே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத வேண்டியிருக்கும். பதின்மூன்று வயதில் தோழிகளை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு இதுவும் சேர்ந்தால் தாங்குமா என்று யோசியுங்கள்.

உங்கள் மனைவிக்கும் ஓசூர்தான் சரி. எங்கள் ஊரில் தெலுங்கும் கன்னடமும் தெருவில் கேட்கும், ஆனால் பள்ளியில் தமிழாசிரியர் தேவை.

பேகூர் அக்கா

தம்பி, பாதியைத்தான் சொல்கிறீர்கள். சின்னவன் அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பு. அவன் இங்கே வந்தால் பன்னிரண்டு வரை பதினோரு ஆண்டு, ஏழாண்டு விதியைத் தாராளமாகத் தாண்டுவான். கன்னடமும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும். மகளை மட்டும் வைத்து முடிவெடுத்தால் மகனுக்கு ஒரு வாசல் மூடுகிறது.

மகளுக்கும் காமெட்-கே (கர்நாடகத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதலாமே, அது எல்லா மாநிலப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது.

கணக்கு வாத்தியார்

திறந்திருக்கிறது, கட்டணமும் அரசு ஒதுக்கீட்டு இடத்தை விட மிக அதிகம். இன்னொன்று, தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைக் கர்நாடகத்தில் இட ஒதுக்கீட்டுக்குக் காட்ட முடியாது. அது தேவைப்படும் குடும்பம் என்றால் இதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஞாயிறு ராத்திரி பஸ்

மூன்றாவது வழியை யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன். என் குடும்பம் கோவை வடவள்ளியில், நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி). வெள்ளிக்கிழமை கிளம்பி ஊருக்கு, ஞாயிறு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் திரும்ப. 2023 டிசம்பர் 30-இல் கோவை–பெங்களூரு வந்தே பாரத் வந்த பிறகு பகலில் பயணம் செய்யவும் வழி இருக்கிறது, ஓசூரிலும் நிற்கிறது.

உங்களுக்கு மூன்று நாள்தான் அலுவலகம். செவ்வாய், புதன், வியாழன் என்று அமைந்தால் நான்கு நாள் வீட்டில் இருக்கலாம். மகள் பள்ளி மாற வேண்டாம், மனைவி வேலை விட வேண்டாம், அம்மாவுக்குப் பழகிய டாக்டர். பிஜிக்கும் பயணத்துக்கும் மாதம் 18,000 போனாலும் 22,000 மிஞ்சுகிறது. வாத்தியார் கணக்குப்படியே இது பேகூரை விட எவ்வளவோ மேல்.

பேகூர் அக்கா

பணக் கணக்கில் மேல்தான். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் ஆறு வயதுப் பையனுக்கும் வாரத்தில் பாதி நாள் அப்பா இல்லை என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? ராத்திரி பையனுக்குக் காய்ச்சல் அடித்தால் மாமியாரையும் வீட்டில் விட்டுவிட்டு அந்த அம்மா தனியாக ஓட வேண்டும். காலையில் பள்ளிக்கும் போக வேண்டும். நீங்கள் சேமிப்பது அவருடைய உழைப்பிலிருந்துதான் வருகிறது.

ஞாயிறு ராத்திரி பஸ்

உண்மைதான் அக்கா, என் மனைவியும் இதையே சொல்வார். ஆனாலும் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை இப்படியே போகலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசித்தான் எடுத்தோம். இங்கே கேட்பவர் மனைவியிடம் கேட்டாரா என்பதைத்தான் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சிங்காநல்லூரான்

கேட்டேன்ங்க. "நீங்க மட்டும் போறதுன்னா இந்த வேலையே வேண்டாம், இருக்கற சம்பளம் போதும்" என்றார். அதனால் மூன்றாவது வழி எங்களுக்கு இல்லை. மகள் ஓசூர் என்றதும் முகம் சுளித்தாள், பெங்களூரு என்றால் சம்மதம் என்கிறாள். அவளுக்கு மால் தெரிகிறது, இந்தி பாடம் தெரியவில்லை.

ஓசூர்வாசி அண்ணா, பயணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பேகூர் அக்கா சொல்லும் அடுத்த வேலைப் பிரச்சினைக்கும் பதில் வேண்டும்.

ஓசூர்வாசி

மறைக்க ஒன்றுமில்லை. காலை ஏழுக்குள் வீட்டை விட்டால் ஒரு மணி நேரத்தில் அலுவலகம். எட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, சந்தாபுரா சந்திப்பு இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரமாக்கிவிடும். சாயங்காலம் மழை பெய்தால் அதற்கு மேலும் ஆகும். மெட்ரோ பொம்மசந்திராவோடு நிற்கிறது. ஓசூர் வரை நீட்டும் திட்டம் இன்னும் பேச்சளவில்தான், அதை நம்பி வீடு பார்க்காதீர்கள். ரயில் உண்டு, ஹீலலிகேயில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து அலுவலகத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். கம்பெனி வண்டி ஓசூர் வரை வருமா என்று கட்டாயம் கேளுங்கள். பல கம்பெனிகள் அத்திப்பள்ளியோடு நிறுத்திக்கொள்கின்றன.

காவிரிப் பிரச்சினை வந்தால் எல்லை மூடும். 2016-இல் பார்த்தோம், 2023 செப்டம்பர் பந்த் அன்றும் தமிழ்நாட்டு பஸ்கள் ஓசூரோடு நின்றன. அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யத்தான் வேண்டும். ஓசூர் வாடகையும் பழைய மாதிரி இல்லை. டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்த வேலை ஒயிட்ஃபீல்டு என்றால் ஓசூர் சரிப்படாது, அக்கா சொல்வது சரி. ஆனால் வாடகை வீடுதானே? அப்போது மாறிக்கொள்ளலாம். மகளின் எட்டாம் வகுப்பு திரும்ப வராது. அம்மாவுக்கு அன்றாட வைத்தியம் ஓசூரிலேயே பார்க்கலாம். பெரிதாக ஏதாவது என்றால் பொம்மசந்திராவில் நாராயணா ஹெல்த் சிட்டி இருக்கிறது, அதற்குப் பேகூரிலிருந்தும் வரத்தான் வேண்டும்.

கணக்கு வாத்தியார்

ஓசூருக்கும் போட்டுவிடுகிறேன். 54,000-இல் வாடகை 13,000 போக 41,000. மனைவிக்கு அங்கே 17,000-க்கு வேலை கிடைத்தால் இழப்பு 5,000. பயணத்துக்கு 7,000. மீதி 29,000. வேலை கிடைக்கச் சில மாதம் தாமதமானாலும் 12,000 நிற்கும், கையைக் கடிக்காது.

இது வாரம் மூன்று நாள் பயணத்துக்கு. ஐந்து நாளாக்கினால் பணம் மட்டுமில்லை, உடம்பும் சேர்ந்து போகும். மூன்று நாள் என்பது பணி ஆணையில் எழுத்தில் இருக்கிறதா?

சிங்காநல்லூரான்

எச்ஆரிடம் கேட்டேன். ஆணையில் எழுத மாட்டார்களாம். மின்னஞ்சலில் "இப்போதைய நடைமுறை மூன்று நாள்" என்று பதில் வந்தது. கம்பெனி வண்டி அத்திப்பள்ளி வரைதான்.

பேகூர் அக்கா

"இப்போதைய" என்று போட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? ஐந்து நாளானால் ஓசூர் வாழ்க்கை தினம் மூன்று மணி நேரம் ரோட்டில். பையன் தூங்கிய பிறகுதான் வீடு வருவீர்கள்.

சிங்காநல்லூரான்

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது அக்கா. ஆனாலும் ஐந்து நாளானால் சந்தாபுரா பக்கம் வீடு மாறலாம், மகளின் பள்ளி மாற்றத்தைத் திருப்ப முடியாது. டிசம்பரில் நான் மட்டும் வந்து சேர்கிறேன், நான்கு மாதம் பிஜி. அவ்வளவுக்கு மனைவி ஒத்துக்கொண்டார். அதற்குள் ஓசூரில் தமிழ் இரண்டாம் மொழியாக உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளைப் பார்த்து, ஏப்ரலில் எல்லோரும். ஒரு பள்ளியில் மனைவிக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள்.

ஓசூர்வாசி

நல்லது. டிசம்பரில் வந்ததும் ஒரு வேலை நாள் காலையில் அத்திப்பள்ளியிலிருந்து அலுவலகம் வரை போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏமாறாதீர்கள். மாற்றுச் சான்றிதழை மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள்.

பேகூர் அக்கா

எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் மகளுக்காக என்கிறீர்கள், சரி. சின்னவனுக்கு ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் கர்நாடகத்தில் சேர்ந்தால்கூடப் பன்னிரண்டுக்கு ஏழு ஆண்டு ஆகிவிடும். ஏழாம் வகுப்பில் சேர்ந்தால் ஆகாது. அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுங்கள். அந்த வருடம் மகள் பதினொன்று முடிக்கப் போகிறாள், பன்னிரண்டுக்கு அவளை எங்கே வைத்துப் படிக்க வைப்பது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.