'பிளாக் டைம்' - தொகுதி நேரம் வேண்டாமே

அன்புள்ள ஐயா,

விமானப் பயணத்தில் சொல்லும் பிளாக் டைமுக்குத் (block time) 'தொகுதி நேரம்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சட்டென்று தேர்தல்தான் நினைவுக்கு வந்தது. இங்கே பிளாக் என்பது தொகுதி அல்ல, விமானச் சக்கரத்துக்கு அடியில் செருகும் கட்டை. அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் மறுபடி கட்டை போட்டு நிறுத்துகிற வரை ஆகும் நேரம்தான் பிளாக் டைம்.

இந்தச் சொல் ஏன் தேவை? லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் பெருவட்டத் தொலைவு (உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வழி) சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஆனால் பயணச்சீட்டில் நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்று ஏறக்குறைய போட்டிருக்கும். காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம். அது போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. 2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து வீசிய காற்றில், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கில் எழும்பி 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. அது வானத்தில் இருந்த நேரம் மட்டும். அதற்குப் 'பறப்பு நேரம்' போதும். தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது எல்லாம் பயணச்சீட்டு நேரத்தில் அடங்கும். அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

'கட்டை நேரம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன், "யாருக்குக் கட்டையில போற நேரம்?" என்றார்கள். சரி, அது போகட்டும்.

தேரோட்டத்தைப் பாருங்கள். சக்கரத்தை ஒட்டியே நடந்து, ஓடுகிற தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் செய்வதும் அதே வேலைதான். ஆனால் 'முட்டுநேரம்' என்றால் விமானம் எதிலோ முட்டிக்கொண்டதுபோல ஒலிக்கிறது. தேர் நிற்கும் இடத்துக்கு நிலை என்று பெயர். வீதி சுற்றி முடிந்ததும் "தேர் நிலைக்கு வந்துடுச்சு" என்கிறோம். விமானமும் ஒரு நிலையை விட்டு நகர்ந்து இன்னொரு நிலைக்கு வந்து சேர்கிறது. ஆகவே 'நிலையிடை நேரம்'. 'நிலைநேரம்' என்று சுருக்கினால் நின்றுகொண்டிருக்கும் நேரம் என்று பொருள் மாறிவிடும், அதனால் 'இடை' வேண்டும்.

அட்டவணையில் இப்படி வரும்: "லண்டன் - நியூயார்க்: பெருவட்டத் தொலைவு 5,540 கி.மீ., நிலையிடை நேரம் சுமார் 8 மணி."

ஒரு குறை எனக்கே தெரிகிறது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று பழகிய காதுக்கு இது இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட நேரமாகத் தோன்றலாம். பயணிக்கு அது பாதகமில்லை. விமானிகளின் பதிவேட்டுக்கு ஒத்துவருமா என்று, அந்தத் துறையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.