தெருநாய்க்கு முடி கொட்டுகிறது: இன்ஜின் எண்ணெய் பூசலாமா?

ஜெலுத்தோங் தம்பி:
எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நான் சோறு போடும் தெருநாய்க்கு முதுகில் முடியே இல்லை, காது ஓரமெல்லாம் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது, ராத்திரி பகல் சொறிகிறது. பழைய இன்ஜின் எண்ணெயைப் பூசச் சொல்கிறார்கள். பூசலாமா?

பட்டர்வொர்த் அண்ணன்:
தாராளமாகப் பூசுங்கள் தம்பி. எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) காலங்காலமாக இதுதான் வைத்தியம், எண்ணெய் மூடினால் சொறிப்பூச்சி மூச்சு முட்டிச் சாகும். தெருநாய்க்கு கிளினிக்கில் யார் காசு கட்டுவது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
அண்ணே, தயவுசெய்து வேண்டாம், அது விஷம். நாய் உடம்பை நக்கும், எண்ணெய் வயிற்றுக்குள் போகும், புண்ணான தோல் இன்னும் வெந்துபோகும். அதோடு முடி கொட்டுவதெல்லாம் ஒரே நோயில்லை. வட்ட வட்டமாகக் கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். அரிப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டி, நாய் குண்டாகிச் சோம்பிக் கிடந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும், அதற்கு எந்த எண்ணெயும் உதவாது. தம்பி, அதன் காது நுனியை விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாக உதைக்கிறதா?

ஜெலுத்தோங் தம்பி:
ஆமாம் அக்கா, உடனே உதைக்கிறது! என் கையிலும் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்படியானால் பெரும்பாலும் சார்கோப்டிக் சொறி, தோலைத் துளைக்கும் நுண்ணிய பூச்சியால் வருவது. மனிதருக்கும் தொற்றும், நீங்களும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பட்டர்வொர்த் அண்ணன்:
சரி, இன்ஜின் எண்ணெயை விடுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி எத்தனை குட்டிகள் தேறியிருக்கின்றன, நான் கண்ணால் பார்த்தவன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் கொஞ்சமாகக் கொட்டுவது பல நேரம் டெமோடெக்ஸ் என்ற வேறொரு பூச்சியால் வரும் சொறிதான் அண்ணே. அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், பெயர் மட்டும் வேப்பிலைக்குப் போய்விடுகிறது. கிளினிக்கில் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. சார்கோப்டிக் பூச்சி அதில் பல முறை சிக்காது, அறிகுறியை வைத்தே மருந்து கொடுப்பார்கள். பூச்சியைக் கொல்லும் ஃப்ளூரலேனர் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 12 வாரம் வேலை செய்யும், பிடிபடாத நாய்க்குச் சோற்றிலேயே வைத்துவிடலாம். எடையை மட்டும் சரியாகச் சொல்லி வாங்க வேண்டும். வலிப்பு வரும் நாயென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பட்டர்வொர்த் அண்ணன்:
மாத்திரைக்கு நானும் பாதி தருகிறேன் தம்பி. ஆனால் வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதை மட்டும் நான் விடமாட்டேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
குளிப்பாட்டுங்கள் அண்ணே, மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். தம்பி, அது படுக்கும் சாக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கூடச் சுற்றும் நாய்களுக்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள்.