மறு: ‘நிதி லாப்ஸ் ஆயிடுச்சு’ – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அரசு ஒரு வேலைக்கு ஒதுக்கிய தொகை நிதியாண்டுக்குள் செலவாகாமல் போவதைத்தான் ‘லாப்ஸ்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு வந்திருக்கும் இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> ‘காலாவதி நிதி’ என்றே வைக்கலாம். எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான் ஐயா. ஆனால் காலாவதியான மாத்திரை கையில் இருக்கும், தின்னத்தான் முடியாது. லாப்ஸ் ஆன ஒதுக்கீட்டில் கையில் இருப்பது ஒன்றுமில்லை. நிதி கெட்டுப்போகவும் இல்லை. அதனால் இந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை.

> டெல்டாவில் ‘பணம் திரும்பிப் போச்சு’ என்கிறார்கள். ‘திரும்பிய நிதி’ என்றால் என்ன?

இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். திரும்பிப் போக வேண்டுமானால் முதலில் வந்திருக்க வேண்டும் அல்லவா?

சரக்கு சேவை வரியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரி, பத்திரப் பதிவில் கட்டும் முத்திரைத் தீர்வை, வாகன வரி, ஒன்றிய அரசு பகிர்ந்து தரும் வரி எல்லாம் மாநிலத்தின் தொகுப்பு நிதி என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன. அதிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதற்கும் சட்டமன்றம் இயற்றும் நிதி ஒதுக்கச் சட்டம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 204ஆம் பிரிவு. துறைவாரியாக மானியக் கோரிக்கை (துறை தன் செலவுக்குக் கேட்கும் தொகை) வைத்து, விவாதித்து, நிறைவேற்றித் தருகிற அந்த அனுமதிக்கு ஆயுள் ஒரே நிதியாண்டு. மார்ச் 31 இரவோடு அது முடிந்துவிடும். பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கும் உரிமைதான் போய்விட்டது.

(வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி இதற்கு விலக்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நூலக ஆணைக்குழுவின் நிதிக்குப் போகிறது. மார்ச் 31 அதைத் தொடுவதில்லை. இன்ன வேலைக்கென்றே வாங்கும் வரிக்குத் தனிச்சொல் வேண்டும் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.)

இந்த வேறுபாட்டை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அது கேள்வியையே மாற்றிவிடுகிறது. விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ‘உங்க வாய்க்காலுக்கான பணம் திரும்பிப் போயிடுச்சு’ என்று ஒரு அதிகாரி சொன்னால், ‘எங்கே போச்சு? கேட்டு வாங்குங்க’ என்றுதான் ஆள் கேட்பார். அதற்குப் பதில் கிடையாது. ‘அனுமதியின் ஆண்டு முடிந்துவிட்டது’ என்று சொல்லியிருந்தால், ‘இந்த ஆண்டு மதிப்பீட்டில் மறுபடி சேர்த்தீர்களா? எந்தக் கணக்குத் தலைப்பில்?’ என்று கேட்டிருப்பார். அதற்கு அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டும்.

டெல்டாவில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக வலிக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். தூர்வார ஆற்றில் தண்ணீர் ஓடக்கூடாது. ஆக பிப்ரவரிக்கும் ஜூன் முதல் வாரத்துக்கும் இடையில்தான் பொக்லைன் இறங்க முடியும். அந்த இடைவெளியின் நடுவில் மார்ச் 31 வந்து உட்கார்ந்திருக்கிறது! மார்ச் மாதத்தில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் பாதி அகற்றி, எம் புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து பதியும் ஏடு) அளவு ஏறாமலோ பட்டியல் (பில்) கருவூலத்துக்குப் போகாமலோ நின்றால், மீதி வேலைக்குப் புது ஆண்டின் ஒதுக்கீடு வேண்டும். 2022இல் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் தூர்வாரும் பணியை அரசு எடுத்தது. வேலை ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கியது. அந்த ஆண்டு பார்த்து அணையை மே 24 அன்றே திறந்தார்கள். இப்படி ஒரு மாத அவகாசம் கிடைக்கும் ஊரில், முந்தைய ஆண்டின் அனுமதி கைநழுவினால் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவது அதனால் தள்ளிப்போகும்.

நிலவரி ரசீதில் இருக்கும் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. நிதியாண்டு ஏப்ரல் 1. தண்ணீரின் ஆண்டு ஜூன் 12. மூன்றும் மூன்று திசை. ஆகவே நமக்கு வேண்டிய சொல்லில் ‘ஆண்டு’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

என் பரிந்துரை: ஆண்டு தப்பிய ஒதுக்கீடு.

இங்கே ‘பட்டம் தப்பிப் போச்சு’ என்று சொல்லாத விவசாயி இல்லை. விதை கெடவில்லை, நிலம் எங்கும் போகவில்லை. விதைக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது, அடுத்த பட்டத்துக்குத்தான் பார்க்க வேண்டும். லாப்ஸ் என்பதும் அச்சாக இதுவே. வாக்கியத்திலும் சிக்கலில்லாமல் உட்காருகிறது: ‘ஒப்பந்தப்புள்ளி தாமதமானதால் 12 பணிகளின் ஒதுக்கீடு ஆண்டு தப்பியது.’ அட்டவணைத் தலைப்புக்கு நீளம் என்றால் ‘ஆண்டுதப்பு’ போதும்.

‘தப்புதல்’ என்றால் பிழைத்துக்கொள்வது என்றும் பொருள் உண்டே என்று நம் குழுமத்துப் பேராசிரியர் அம்மா கேட்பார்கள் என நினைக்கிறேன். உண்டு. ஆனால் காலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேரும்போது அந்தப் பொருள் வருவதில்லை. பருவம் தப்பிய மழை என்றால் யாரும் மழை உயிர் பிழைத்தது என்று எடுத்துக்கொள்வதில்லை.

இதோடு குழம்பும் மூன்று சொற்களையும் இப்போதே பிரித்துவிடுவது நல்லது. ஆண்டு முடியுமுன் ‘இது எங்களுக்குச் செலவாகாது’ என்று துறையே நிதித்துறைக்கு எழுதிக் கொடுப்பது சரண்டர். அதற்கு ‘ஒப்புவித்த ஒதுக்கீடு’ என்கிறேன். அதில் ஒரு பொறுப்பு இருக்கிறது, அந்தத் தொகை வேறு வேலைக்கு உதவும். ஒரே மானியத்துக்குள் ஒரு கணக்குத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு ‘மறு ஒதுக்கீடு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, மாற்ற வேண்டாம். மூன்றாவது, தணிக்கை அறிக்கைகளில் வரும் ‘சேமிப்பு’. இந்தச் சொல்லை அப்படியே ஏற்கவே கூடாது. தூர்வாராமல் விட்ட வாய்க்காலின் தொகையைச் சேமிப்பு என்று படிக்கிறவர் அரசு சிக்கனமாக இருந்தது என்றே எண்ணுவார். ‘செலவாகாத மீதி’ என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

மார்ச் கடைசியில் ஒதுக்கீடு ஆண்டு தப்பாமல் இருக்கத் தொகையை எடுத்து வைப்புக் கணக்கில் போட்டுவைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கணக்கில் செலவு, களத்தில் வேலை இல்லை. தணிக்கைத் துறை இதைப் பல முறை குறை சொல்லியிருக்கிறது. இதற்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ஒப்பந்த வேலை எடுப்பவர்களோ கருவூலத்தில் இருந்தவர்களோ குழுமத்தில் இருந்தால், அலுவலகத்தில் இதை வாய்மொழியாக எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள். அங்கிருந்து எடுப்போம்.