யாஷிகா டி + பழைய விவிட்டார் 283: ஃபிளாஷ் தனியா புடிச்சு அடிச்சா படமே விழல

கேட்டவர்: லயத்துவீட்டுப்பையன்

வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். நான் மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். எங்க டவுன்ல மூடுன ஒரு ஸ்டூடியோவுலேர்ந்து யாஷிகா டி (ரெட்டை லென்ஸ் பழைய ஃபிலிம் கேமரா) ஒன்னும் விவிட்டார் 283 ஃபிளாஷ் ஒன்னும் கெடச்சிச்சு. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வருது, ராத்திரி கரகம் வரும்போது ஃபிளாஷ கேமராவுல மாட்டாம பக்கத்துலேர்ந்து தூக்கிப் புடிச்சு அடிக்கணும்னு ஆசை. நேரா அடிச்சா நெத்தி விபூதியும் வேர்வையும் பளபளன்னு மின்னி மூஞ்சி தட்டையா வந்துடுது.

எச்பி5 (400 ஸ்பீடு கறுப்பு வெள்ளை ஃபிலிம்) ஒரு ரோல் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் கண்ணு கூசுற மாதிரி அடிக்குது ஆனா நெகட்டிவ்ல பகல்ல எடுத்ததுதான் விழுந்திருக்கு, ராத்திரி ஃபிரேம் எல்லாம் வெறும் கண்ணாடி. ஏன்? அப்புறம் பழைய ஃபிளாஷ்ல வோல்ட் ஜாஸ்தி கேமரா போயிடும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, அது நெசமா?

---

செம்பனைக்காரன்:

தம்பி, லென்ஸ் பக்கத்துல ஒரு சின்ன லீவர் இருக்கும், எம், எக்ஸ், வி. அது எம்ல நிக்குதான்னு மொதல்ல பாருங்க. எம் பழைய பல்ப் ஃபிளாஷுக்கு உள்ளது. பல்ப் பத்திக்கிட்டு முழு வெளிச்சம் வர கொஞ்சம் நேரம் புடிக்கும், அதனால ஷட்டர் வேணும்னே காத்திருந்துதான் தெறக்கும். உங்க 283 எலக்ட்ரானிக், கண்ணிமைக்கறதுக்குள்ள அடிச்சு முடிச்சிடும், ஷட்டர் தெறக்கும்போது இருட்டுதான் மிச்சம். எக்ஸ்ல வைங்க. வி செல்ஃப் டைமர், பழைய கேமராவுல அத தொடாதீங்க, சிக்கிக்கிட்டா வேலைதான்.

ஃபிலிம் வீணாக்காம டெஸ்ட் பண்ணலாம்: ஃபிலிம் போடாம பின்மூடிய தெறந்து, ஃபிளாஷ வெள்ளைச் செவுத்துப் பக்கம் காட்டி, பின்னாலேர்ந்து லென்ஸ் வழியா பாத்துக்கிட்டே ஷட்டர அழுத்துங்க. முழு வட்டமா பளிச்சுன்னு தெரிஞ்சா சிங்க் (ஷட்டரும் ஃபிளாஷும் ஒரே நேரத்துல சேர்றது) ஓகே. இது லென்ஸ்குள்ளயே உள்ள ஷட்டர், 1/500 வரைக்கும் எல்லா ஸ்பீட்லயும் எக்ஸ் வேலை செய்யும்.

வோல்ட் விஷயம் பாதி நெசம். மொதல்ல வந்த 283 சிலதுல 200 வோல்ட்டுக்கு மேல இருக்கும், பின்னால வந்தது ரொம்ப கம்மி. உங்க கேமராவுல இருக்கறது வெறும் மெட்டல் காண்டாக்ட், தாங்கும். டிஜிட்டல் கேமரா தலையில மட்டும் அத ஏத்திடாதீங்க லா. ஃபிளாஷ பிரிச்சுப் பாக்கற ஆசையும் வேணாம், பேட்டரி எடுத்தாலும் உள்ள கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அடிச்சா ஆள தூக்கிப் போட்டுடும்.

---

பழைய_ஸ்டூடியோ_அண்ணன்:

செம்பனை சொன்னது சரி. அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு தெறக்கணும்) கணக்கு யாரும் சொல்லல, சொல்லிடறேன். 283க்கு ஏஎஸ்ஏ (ஃபிலிம் ஸ்பீடு) 100ல கைட் நம்பர், அதாவது ஃபிளாஷோட பவர் நம்பர், 120, அடிக் கணக்கு. நீங்க போடற 400க்கு அது ரெண்டு மடங்கு, 240. இத தூரத்தால வகுத்தா எஃப் நம்பர். 15 அடின்னா 16. ஆனா இந்த நம்பர் ரூம்புக்குள்ள செவுரு, சீலிங் எல்லாம் வெளிச்சத்த திருப்பிக் குடுக்கற எடத்துக்கு சரி, கோயில் திடல்ல ராத்திரி அது இல்ல, லென்ஸ ஒரு ஸ்டாப் (ஒரு படி) கூடத் தெறங்க, எஃப் 11. தூரம்னா ஃபிளாஷ்லேர்ந்து ஆளுக்கு, கேமராலேர்ந்து இல்ல! நீங்க 20 அடி தள்ளி நின்னாலும் ஃபிளாஷ் புடிச்ச பையன் 10 அடியில நின்னா கணக்கு 10தான்.

நாங்க கல்யாண வீட்டுல ஃபிளாஷ் கைப்பிடியில ஒரு நைலான் கயிறு கட்டி 5, 10, 15 அடியில முடிச்சு போட்டிருப்போம். புடிக்கற பையன் கயித்த இழுத்துக் காட்டிட்டு விட்டுடுவான், டேப்பெல்லாம் கெடையாது.

ஆட்டோ மோட் (சென்சார் வெளிச்சத்த அளந்து ஃபிளாஷ தானா நிறுத்தறது) வேணாம்னு சொல்லுவேன், டயல எம்முக்கே திருப்புங்க (இது ஃபிளாஷ்ல உள்ள எம், மேனுவல், அந்த லீவரோட போட்டுக் கொழப்பிக்காதீங்க). சென்சார் ஃபிளாஷ் மூஞ்சியில இருக்கு, பக்கத்துலேர்ந்து புடிச்சா பின்னாடி இருக்கற செம்பனைக் காட்டு இருட்ட பாத்துட்டு வெளிச்சத்த அள்ளிக் கொட்டிடும்.

---

மீனா_அக்கா:

அண்ணே, கரகம் ஆடிக்கிட்டே வரும்போது யாரு கயிறு புடிப்பா? 😄 நான் ஆட்டோதான். 283 சென்சார கழட்டலாம், அதுக்குன்னே எஸ்சி-1னு ஒரு வயர் இருந்துச்சு, சென்சார கேமரா பக்கம் வச்சுட்டு ஃபிளாஷ எங்க வேணும்னாலும் புடிக்கலாம். பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) பழைய சாமான் கடையில கண்ணுல பட்டா விடாதீங்க.

தம்பி, ரொம்ப வருசம் சும்மா கெடந்த ஃபிளாஷ்னா திருவிழாவுக்கு முன்னயே பேட்டரி போட்டு சார்ஜ் ஏத்தி கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, முழு பவர்ல சில தடவ அடிச்சுப் பழக்குங்க. ரெடி லைட் எரிஞ்ச ஒடனே அடிக்காம இன்னும் கொஞ்சம் பொறுத்து அடிச்சா வெளிச்சம் கொறையாது.

---

லயத்துவீட்டுப்பையன்:

லீவர் எம்லதான் நின்னிச்சு!! எக்ஸ்ல போட்டதும் முழு வட்டம் தெரியுது. ஆனா ஃபிளாஷையும் கேமராவையும் சேக்கற கேபிள ஆட்டினா சில நேரம் அடிக்கல.

---

பழைய_ஸ்டூடியோ_அண்ணன்:

கேபிள் முனையில வெளிவளையம் விரிஞ்சிருக்கும். மூக்குப் பிளையர்ல சுத்தி லேசா, லேசா அமுக்குங்க, நடு ஊசிய தொடாம. மாட்டினப்புறம் வயர ஒரு சுத்து சுத்தி கேமரா வாருல டேப் ஒட்டிடுங்க, இழுபடாது. இன்னொரு கேபிள் பையில இருக்கட்டும்.